நீ சொல்லிக்கொடுத்த ஆட்டம்

மகனே,

உனக்கு எழுதும்போது வழக்கமாக முன்னால் போடும் 'அன்புள்ள' என்ற சொல்லை இன்று எழுதிவிட்டு அடித்தேன். அன்பு தீர்ந்துவிடவில்லை. அதை எழுதினால் மீதிக் கடிதமும் தணிந்துபோய்விடும், தணிய எனக்கு விருப்பமில்லை. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்துதான் பார்த்தேன். அடுப்படியில் நின்றபோதும் ஆறவில்லை, கோயிலில் போய் உட்கார்ந்தபோதும் ஆறவில்லை. ஆகவே கோபத்தோடேயே எழுதுகிறேன். எனக்கு மட்டும் அனுப்பாமல் ஊர் படிக்கும்படி ஏன் போடுகிறாய் என்று கேட்பாய். உன் தம்பியைப் பற்றி நீ சொன்னதை ஊர் பார்க்கும்படிதான் போட்டாய். அதற்கான பதிலும் அதே வெளிச்சத்தில் இருக்கட்டும்.

படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். முரளி என் தங்கை மகன். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீடும் தங்கை வீடும் ஒரே தெரு. உனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அந்தக் குறை தெரியாமல் நீ வளர்ந்தாய் என்றால் அதற்கு அவன்தான் காரணம். நீ பெங்களூருக்குப் போனாய், கம்ப்யூட்டர் வேலை பார்த்தாய், அப்புறம் அதை விட்டுவிட்டு போக்கர் ஆடவும், ஆடச் சொல்லித்தரவும் ஆரம்பித்தாய். உன் வீடியோக்களைப் பார்த்துப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவன் ஊரிலேயே இருந்தான். குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போட்டான். பிறகு அறுவடை மெஷின் ஒன்று வாங்கி, சம்பா அறுப்பு நாளில் மன்னார்குடி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகிறான். நீ ஊருக்கு வரும்போதெல்லாம் தஞ்சாவூர் ஸ்டேஷனில் உனக்காகக் காத்திருப்பது அவன்தான்.

நீ சீட்டாடுவதற்காக நான் ஒருநாளும் உன்னைத் திட்டியதில்லை. உன் அப்பா முணுமுணுத்தார், நான் முணுமுணுக்கவில்லை. கொல்லையில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து நான் கட்டிலோடு கிடந்தபோது நீ வந்து கூட இருந்தாயே, அப்போதுதான் எனக்கு போக்கர் சொல்லிக்கொடுத்தாய். புளியங்கொட்டைதான் நமக்குக் காயின். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு அந்த விளையாட்டு எவ்வளவு பிடித்துப்போனது என்று உனக்கே தெரியும். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள், அதற்குக் கை என்று பேர். அப்புறம் ஐந்து சீட்டு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விழும். அந்த ஐந்து விழுவதற்கு முன்பே, கையில் உள்ள இரண்டை மட்டும் பார்த்து, உள்ளே போவதா விட்டுவிடுவதா என்று முதல் முடிவை எடுத்தாக வேண்டும். இரண்டு ஏஸ் வந்தால் யாரும் உள்ளே போவார்கள். ஏழும் இரண்டும் வந்தால் யாரும் தூக்கிப் போடுவார்கள். 'நடுவுல ஒரு கூட்டம் இருக்கும்மா, நல்லதும் இல்லாம கெட்டதும் இல்லாம. ஒருத்தன் எப்படிப்பட்ட ஆட்டக்காரன்னு அதுலதான் தெரியும்' என்று சொன்னாய். நீ சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

போட்டி முடியும் கட்டத்தில் அந்த நடுக்கூட்டத்துக் கைகளை என்ன செய்வது என்பதையும் நீதான் விளக்கினாய். முறை வைத்து இரண்டு பேர் சீட்டைப் பார்க்காமலேயே காயின் வைத்தாக வேண்டும், அதற்கு பிளைண்ட் என்று பேர். நேரம் ஆக ஆக அந்த பிளைண்ட் பெரிதாகிக்கொண்டே போகும். உன்னிடம் காயின் குறைவாக இருந்தால், நல்ல கை வரட்டும் என்று உட்கார்ந்திருப்பதே உன்னைத் தின்றுவிடும். முதலில் மிரட்டும் பலம் போகும், அப்புறம் இருப்பதும் போகும். ஆகவே நல்ல இடம் கிடைக்கும்போது சுமாரான கையோடு மொத்தத்தையும் தள்ள வேண்டும். உனக்கு முன்னால் இருக்கிறவர்கள் எல்லோரும் விட்டுவிட்டு, பிளைண்ட் வைத்த இரண்டே பேர் உனக்குப் பின்னால் மிச்சம் இருந்தால் அதுதான் நல்ல இடம். பல நேரம் அந்த இரண்டு பேரும் பயந்து விட்டுவிடுவார்கள். ஒருவர் எதிர்த்து வந்தாலும் ஜெயிக்க வாய்ப்பு இருக்கும். 'தள்ளித் தோத்தா அது தோல்வி, அவ்வளவுதான். தள்ளாம தோத்தா அது தப்பு' என்று நீ சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்திய காலத்தில் இப்படி ஒரு வாக்கியம் எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நினைத்தேன்.

இந்த வருஷம் கோவாவில் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் போட்டி வந்தது. ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார வேண்டும், ஒருவர் ஆடும்போது மற்றவர் யோசனை சொல்லக் கூடாது. உன் கூட்டாளி வர முடியாமல் போனதும் நீ முரளியைக் கூப்பிட்டாய். அவன் தயங்கினான். 'எனக்கு ரம்மிதான்ணே தெரியும், உன் பேரக் கெடுத்துடுவேன்' என்றான். 'நான் சொல்லித்தரேன்டா' என்று நீதான் இழுத்தாய். அப்போது சம்பா அறுப்பு. காலையில் பனி காய்ந்தால்தான் மெஷின் வயலில் இறங்கும். அதுவரை அவன் வரப்பில் உட்கார்ந்து, நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்து மனப்பாடம் செய்வான். இவ்வளவு காயின் இருந்தால், இந்த இடத்தில் இருந்தால், இந்தக் கைக்குத் தள்ளலாம். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒப்பிப்பான். பள்ளிக்கூடத்தில் என் பாடத்துக்கு அவன் இவ்வளவு படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பான் என்று அவனைக் கேலிகூடச் செய்தேன்.

போட்டியின் கடைசி மேசையை நேரலையில் காட்டினார்கள். நானும் அப்பாவும் சித்தியும் இங்கே உட்கார்ந்து பார்த்தோம். பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஆடுகிறவர்களின் சீட்டு தெரியும். நீ வீடியோவில் சொல்லாமல் விட்டதை இப்போது நான் சொல்கிறேன். அந்த மேசைக்கு நீங்கள் நிறையக் காயினோடுதான் வந்தீர்கள். நெடுநேரம் நாற்காலியில் இருந்தது நீ. நல்ல இடத்தில் உனக்கு ராணியும் பத்தும் வந்தது, விட்டுவிட்டாய். அதே இடத்தில் ஜோடி நாலு வந்தது, அதையும் விட்டாய். ஏஸும் எட்டும் வந்தபோது கையிலேயே வைத்து உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டாய். எனக்குப் புளியங்கொட்டை வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் இவன்தானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பிளைண்ட் உன்னைத் தின்றது. காயின் கரைந்து, ஏழெட்டு பிளைண்டுக்குத்தான் தாங்கும் என்ற நிலைக்கு வந்த பிறகு, எழுந்து அவன் தோளைத் தட்டி அவனை உட்கார வைத்தாய். நிறைய இருந்தபோது நீ இருந்தாய், குறைந்த பிறகு அவன் இருந்தான். இதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கும் ஆட ஆசை இருக்கும், கொடுக்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தக் கை வந்தது. இஸ்பேட் ராஜா, டைமன் ஒன்பது. முன்னால் எல்லோரும் விட்டுவிட்டார்கள். பின்னால் இரண்டு பேர்தான். முரளி ஒருமுறை சீட்டைப் பார்த்தான், காயினைப் பார்த்தான், மொத்தத்தையும் தள்ளினான். ஒரு ஆள் விட்டார். இன்னொருவர் ஏஸும் ஏழும் வைத்திருந்தார், வந்தார். அப்படி வந்த பிறகும்கூட பத்து தடவை ஆடினால் நான்கு தடவை முரளி கை ஜெயிக்கும். நடுவில் முதல் மூன்று சீட்டு விழுந்தபோது அதில் ஒரு ஒன்பது இருந்தது, முரளிக்கு ஜோடி சேர்ந்தது. அந்த நிமிஷம் கயிற்றுக்கு வெளியே நின்ற நீ என்ன செய்தாய்? இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு 'சூப்பர்டா தம்பி' என்றாய். இங்கே கூடத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்குக் கேட்டது. கடைசிச் சீட்டாக ஏஸ் விழுந்து எதிராளிக்கு அதைவிடப் பெரிய ஜோடி சேர்ந்தது. முரளி எழுந்து மேசையில் இருந்த ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தான். திரும்பி உன்னைப் பார்த்தான். நீ அங்கே இல்லை.

இதுவரைக்கும் நடந்ததற்கு நான் கோபப்படவில்லை. தோற்ற எரிச்சலில் யாரும் எழுந்து போவார்கள். நீ பெங்களூர் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நிதானமாக உட்கார்ந்து ஒரு வீடியோ செய்தாய். 'எங்களைக் கவிழ்த்த ஒரே முடிவு' என்று அதற்குத் தலைப்பு. ராஜா-ஒன்பதைத் தள்ளுகிற இடத்திலிருந்து ஏஸ் விழுகிற இடம் வரைக்கும் வெட்டி எடுத்தாய். நடுவில் உன் குரல் வரும் இடத்தை மட்டும் ஊமையாக்கினாய். கைக்கு ஆசைப்பட்டு அவசரப்படுகிறவர்கள் இப்படித்தான் வெளியே போவார்கள் என்று பாடம் நடத்தினாய். அவன் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டினாய். கீழே ஒருவர், கதிர் அறுக்கிற கையில் சீட்டைக் கொடுத்தால் இப்படித்தான் என்று எழுதியிருந்தார். அதற்கு நீ ஒரு இதயம் போட்டிருந்தாய். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். இதயம்தான்.

உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னது ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. "அம்மா, அது பார்டர்லைன்மா. அந்த மேசையில நம்மள விடக் கம்மியா ஒருத்தன் வச்சிருந்தான். அவன் வெளிய போற வரைக்கும் காத்திருந்தா பரிசுல ஒரு படி மேல போயிருக்கலாம். அப்படிப் பார்த்தா விட்டிருக்கணும்."

"இத அவனுக்குச் சொல்லிக்குடுத்தியா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் அட்வான்ஸ்டுமா. அவனுக்குக் குழப்பமாயிடும்னு சொல்லல."

"அப்ப நீ சொன்னததான அவன் செஞ்சான்?"

"அம்மா, வீடியோன்னா ஒரு கதை வேணும். நானும் கரெக்டு, அவனும் கரெக்டு, ஏஸ் விழுந்துச்சுன்னு சொன்னா எவன் பார்ப்பான்?"

நான் போனை வைத்துவிட்டேன். உன் கதைக்கு ஒரு முட்டாள் தேவைப்பட்டிருக்கிறான், கைக்கெட்டும் தூரத்தில் தம்பி இருந்தான். நீ சொன்ன அந்த அட்வான்ஸ்டு கணக்கையும் நான் போட்டுப் பார்த்தேன். குறைவாக வைத்திருந்த அந்த ஆள் அப்போதுதான் பிளைண்டைக் கடந்திருந்தார், உடனே வெளியே போகிற நிலையில் அவர் இல்லை. அடுத்த சுற்றில் முரளிக்கு அவ்வளவு நல்ல இடம் வர நேரம் ஆகும், அதற்குள் பிளைண்ட் அவனை மறுபடி கடித்திருக்கும். விடலாம் என்று வாதாடுகிறவர்கள் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அது இரண்டு பக்கமும் பேசக்கூடிய கை. ஒரு பக்கத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தோற்றதும் மறுபக்கம் போய் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தாயே, அதற்கு எந்த அட்டவணையில் இடம் இருக்கிறது? சொல்லப்போனால் அந்த மேசையில் பயந்து ஆடியது நீ. ஏஸ்-எட்டைத் தூக்கிப் போட்ட கையைப் பற்றி ஏன் ஒரு வீடியோ வரவில்லை?

அப்பா வீடியோவைக் கடைசி வரை பார்த்தார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, "அன்னிக்கு வண்டியில என் பின்னாடி இவன்தானே உக்காந்திருந்தான்" என்றார். எந்த நாள் என்று உனக்குத் தெரியும். முரளி முதன்முதலாகக் குத்தகைக்கு நிலம் எடுத்த வருஷம். மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. நாற்று விடுவதா, புழுதியிலேயே விதையைத் தெளித்துவிடுவதா என்று அவன் உன் அப்பாவிடம் கேட்டான். "தண்ணிய நம்பி உக்காந்தா பட்டம் போயிடும். தெளிச்சுடுறா" என்றார். தெளித்தான். முளை வரும் நேரத்தில் மழை கொட்டி, தண்ணீர் வடியாமல் நின்று, விதை அழுகிப்போனது. நிலத்துக்காரர் டீக்கடையில் பத்துப் பேருக்கு முன்னால், "சின்னப் பயகிட்ட நெலத்தக் குடுத்தேன் பாரு" என்று அவனைப் பேசிக்கொண்டிருந்தார். அவன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். அந்த வழியாக உன்னை வைத்துக்கொண்டு வந்த அப்பா வண்டியை நிறுத்தினார். "தெளிக்கச் சொன்னது நான்ங்க. அன்னிக்கு இருந்த நெலமைக்கு அதான் சரி. நாளைக்கு அதே நெலம வந்தாலும் அதையேதான் சொல்லுவேன். பேசறதுன்னா என்கிட்ட பேசுங்க" என்றார். அப்புறம் எங்கெங்கோ நாற்று வாங்கி நட்டார்கள், சுமாராக விளைந்தது. நீ வீட்டுக்கு ஓடி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்பா இன்னிக்குச் செம்மம்மா" என்று என்னிடம் சொன்னாய். அப்பா செய்தது உனக்கு அன்றைக்குப் புரிந்துதான் இருந்தது. புரியாதவன் மேல் எனக்கு இவ்வளவு கோபம் வராது.

முரளியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீ ஏன்டா பதில் சொல்லல? உனக்கு அந்த அட்டவணைய அனுப்புனது அவன்தானே, அதச் சொல்ல வேண்டியதுதானே?" மெஷினுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை. "அண்ணன் அதுலதான் பொழைக்கிறான் பெரியம்மா. அவன் சொல்லிக்குடுத்து நான் தோத்தேன்னு ஆயிட்டா அவன்கிட்ட யாரு படிக்க வருவா? எனக்கென்ன, நான் அறுப்புக்குப் போறவன். யாரு சிரிச்சா என்ன" என்றான். யாரு சிரிச்சா என்ன என்று அவன் சொன்னபோது அவன் முகத்தை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை.

சிரித்தது யாரோ இல்லை. அவனுக்குப் பேசி முடித்திருக்கும் பெண் கயல்விழியின் வீட்டுக்கு அந்த வீடியோ போய்விட்டது. முத்துப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணை வைத்திருக்கும் குடும்பம், உனக்குத் தெரியும். பெண்ணின் மாமா யாரோ அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை சூதாடியா, அதிலும் அவசரக்குடுக்கையா என்று பேச்சு. கயல்விழியின் அப்பா முரளிக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறார். உன்னைக் காப்பாற்ற நினைத்து அவன், "ஆமாங்க மாமா, தப்பு என்னோடதுதான்" என்றிருக்கிறான். அவ்வளவுதான். பத்திரிகை அடிக்கிற வேலையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று அவர்கள் வீட்டிலிருந்து தகவல் வந்தது. உன் சித்தி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான்தான் கிளம்பிப் போனேன். கைப்பையில் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு பெண் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போன பெரியம்மா இந்தத் தாலுகாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். "சொல்லுங்க டீச்சர்" என்றார். நான் சீட்டை எடுத்து மேசையில் பரப்பினேன். ராஜாவையும் ஒன்பதையும் வைத்தேன். பிளைண்ட் என்றால் என்ன, இடம் என்றால் என்ன, காத்திருந்தால் ஏன் செத்துப்போவோம் என்று, பத்தாம் வகுப்புக்கு நடத்துவதுபோல நடத்தினேன். அவர் மனைவி காபி கொண்டு வந்தவர் அப்படியே நின்று கேட்டார். கயல்விழி கதவோரம் நின்றவள், நடுவில் வந்து உட்கார்ந்து, "ஏஸ் வச்சிருந்தவர் விட்டிருந்தா?" என்று கேட்டாள். "அந்த பிளைண்டெல்லாம் முரளிக்கு வந்திருக்கும். பொழைச்சிருப்பான்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

அவள் அப்பா மேசையிலிருந்த ராஜாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார். "நாங்களும் குஞ்சு விட்டு வளக்கிறவங்கதான் டீச்சர். எல்லாம் சரியா செஞ்சிருப்போம். ஒரு நாள் காலைல போய்ப் பாத்தா குளம் பூரா செத்து மெதக்கும். அதுக்காக செஞ்சது தப்புன்னு ஆயிடாது. அது எனக்குப் புரியுது. மாப்பிள்ளை மேல இப்ப எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குப் புரியாதது வேற."

"கேளுங்க" என்றேன்.

"சொல்லிக்குடுத்தவரு அண்ணன். கூட்டிட்டுப் போனவரு அண்ணன். இத்தன பேரு சிரிக்கறப்ப அந்த அண்ணன் எங்க இருக்காரு? அந்த வீடியோவப் போட்டதே அவருதான்னு சொல்றாங்களே, நெஜமா?"

நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த வகுப்பில் எத்தனையோ வருஷம் நின்றவள் நான். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றதில்லை. அன்று அந்த வீட்டில் என் மகனைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு, "நெஜம்தாங்க" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்படி ஒரு அவமானத்தை நீ தந்திருக்கிறாய். நீ இருப்பதையெல்லாம் தோற்று வந்திருந்தால், கையில் ஒன்றுமில்லாமல் வந்திருந்தால், அந்த வீட்டில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன்.

கயல்விழிதான் பேச்சை முடித்தாள். "அப்பா, அவரு யாரு மேலயும் பழியத் தூக்கிப் போடல. தன் மேல இல்லாத பழியக்கூட வாங்கிக்கிட்டாரு. எனக்கு இது போதும். பத்திரிகை அடிக்கச் சொல்லுங்க" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "ஆனா பெரியம்மா, இனிமே வாங்கிக்க விடமாட்டேன்" என்றாள். அந்தப் பெண்ணைக் கட்டி அணைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் அப்பா வாசல் வரை வந்து வழியனுப்பினார். "உங்க மகன் கல்யாணத்துக்கு வரட்டும் டீச்சர். வராம இருக்க வேணாம். ஆனா எங்க ஆளுங்க முன்னாடி மாப்பிள்ளைய தம்பின்னு கூப்பிட்டா எனக்குச் சுருக்குன்னு இருக்கும். நீங்களே சொல்லிடுங்க." இதோ, சொல்லிவிட்டேன்.

கல்யாணம் நடக்கும். நீ கெடுத்ததை ஒரு பெண் வந்து நிமிர்த்தியிருக்கிறாள், அதில் உனக்குப் பங்கு இல்லை. நீ செய்ய வேண்டியது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வீடியோவை எடுத்துவிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைக்காதே. சத்தமில்லாமல் எடுத்தால் பார்த்தவர்கள் பார்த்ததோடு போய்விடுவார்கள். அதே இடத்தில், அதே முகத்தோடு உட்கார்ந்து, அதைத் தள்ளச் சொன்னது நான், இன்றைக்கும் தள்ளத்தான் சொல்வேன் என்று சொல். ஊமையாக்கிய உன் குரலைத் திருப்பிப் போடு. அதைப் பார்த்துவிட்டு உன்னிடம் படிக்க நான்கு பேர் குறைவாக வந்தால் வரட்டும். தான் சொல்லிக்கொடுத்ததற்குப் பக்கத்தில் நிற்க முடியாதவனிடம் படித்து அந்த நான்கு பேர் என்ன ஆகப்போகிறார்கள்? உனக்கு இது நஷ்டம் என்று தெரியும். நஷ்டம் வராத சமயத்தில் உண்மை பேசுவதற்கு நீ எனக்கு மகனாக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் பேசுவார்கள்.

உன்னை நான் வளர்த்த விதத்தில் எங்கே பிசகினேன் என்றெல்லாம் உட்கார்ந்து யோசித்து அழுகிற ஆள் நான் இல்லை. நீ வளர்ந்தவன். இதை நீயாகத்தான் செய்தாய், நீயாகத்தான் சரி செய்ய வேண்டும். அப்பாவை உன்னிடம் பேசச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. சித்தி உன்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே, அவளுக்கு வேறு பேசத் தெரியாது.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலை ரயிலில் தஞ்சாவூர் வந்து இறங்குவாய் என்று உன் மனைவி சொன்னாள். கல்யாண மாப்பிள்ளை வெளியே அலையக் கூடாது என்று எல்லோரும் சொல்லியும் முரளி கேட்கவில்லை. அண்ணனைக் கூட்டிவர நான்தான் போவேன் என்று அடம்பிடிக்கிறான், அன்றைக்கும் ஸ்டேஷன் வாசலில் அவன்தான் நிற்பான். உன் பெட்டியை வாங்கக் கையை நீட்டுவான். கொடுக்காதே. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே நின்று, அவன் முகத்தைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல். வண்டியில் ஏறின பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே 'விடுண்ணே' என்பான். நீயும் விட்டுவிடுவாய்.

அம்மா